வண்டலூர் உறவில் ஓடும் வண்டி: ஸ்பிட்ஃபயருடன் 13 வருடம்

என்னிடம் இருப்பது 1968ஆம் வருடத்து ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3, இங்கிலாந்தின் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். 2012இல் நீலகிரியில் ஒரு எஸ்டேட் ஷெட்டில் கிடந்ததை லாரியில் ஏற்றி வேளச்சேரிக்குக் கொண்டுவந்தேன். இரண்டரை வருடம் பிரித்துப் போட்டு வேலை பார்த்து, 2015 பொங்கலுக்கு அடுத்த வாரம் ரோட்டில் இறக்கினேன். அதிலிருந்து இதுவரை 31,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கண்காட்சிக்கு வைத்த வண்டி இல்லை. மழை இல்லாத ஞாயிற்றுக்கிழமை என்றால் கட்டாயம் வெளியே எடுப்பேன், வார நாளில் ஒருமுறை ஆபீசுக்கும் போவேன்.

பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, “இதுக்கு ஸ்பேர் எங்க சார் கிடைக்கும்?” என்றுதான். பாதி இங்கிலாந்திலிருந்து வருகிறது. மீதிப் பாதிக்கு வேர் வண்டலூரில் இருக்கிறது. ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி 1961இலிருந்து அங்கேதான் ஹெரால்டு காரைத் தயாரித்தது. இங்கிலாந்தில் அந்த ஹெரால்டின் சேஸியை, அதாவது அடிச்சட்டத்தைக் குறுக்கி, மேலே இரண்டு பேர் உட்காரும் பாடியைப் போட்டு 1962இல் இறக்கியதுதான் ஸ்பிட்ஃபயர். இரண்டையும் வரைந்தவர் ஒரே ஆள், இத்தாலிக்காரரான ஜொவான்னி மிகெலோட்டி. முன் சஸ்பென்ஷனும் ஸ்டியரிங் ரேக்கும் ஹெரால்டிலிருந்து வந்தவை. எஞ்சினும் ஒரே வம்சம். நம்மூர் ஹெரால்டுக்கு 948 சிசி, என் வண்டிக்கு 1296 சிசி, இரண்டு எஸ்யூ கார்புரேட்டர், 75 குதிரைத்திறன். எடை 700 கிலோ சொச்சம்தான்.

அதனால் புதுப்பேட்டையில் ஹெரால்டு பார்த்த பழைய கைகளுக்கு இந்த வண்டி புரியும். எனக்கு வாய்த்தவர் எழுபதைத் தாண்டிய ஒரு பாய். முதல் நாள் வண்டிக்குக் கீழே குனிந்து, முன் சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது நம்ம ஹெரால்டுதானே தம்பி, சட்டைதான் வேற.” அவருடைய பையன் 13ஆம் நம்பர் ஸ்பேனரை நீட்டினான். பாய் அதைத் தள்ளிவிட்டு, “நாலு நூல் எடுடா” என்றார். நாலு நூல் என்றால் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். 13 போட்டால் இரண்டு தடவை கழற்றலாம், மூன்றாவது தடவை போல்ட்டின் மூலை உருண்டுவிடும். இந்த வண்டி முழுக்க அங்குலக் கணக்கு. மூன்றரை நூல், நாலு நூல், நாலரை நூல் ஸ்பேனர் மூன்றும் கையில் இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். காயலான் கடையில் பழைய ரிங் ஸ்பேனர் செட் ஒன்றை 600 ரூபாய்க்கு வாங்கினேன். இன்றைக்கும் அதுதான்.

பாய் கை வைத்துப் பார்த்தது ட்ரன்னியன். முன் சக்கரத்தைத் தாங்கும் தூணின் அடிமுனையில் மரை இருக்கும். அது ஒரு வெண்கலக் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங் திருப்பும்போது தூண் அந்த மரையில்தான் திரும்புகிறது. இதற்கு கிரீஸ் போடக்கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது. ஈரம் தங்கித் துரு பிடித்து, ஒருநாள் மரை இருக்கும் இடத்திலேயே தூண் முறிந்து சக்கரம் உள்ளே மடங்கிவிடும். மெதுவாகப் போய்த் திரும்பும்போது நடந்தால் தப்பித்தோம். என் வண்டியில் யாரோ வருடக்கணக்காக கிரீஸ் அடித்திருந்தார்கள். கழற்றிப் பார்த்தால் இடது பக்க மரையில் பாதி அரித்துப்போயிருந்தது. தூண் இரண்டையும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். வெண்கலக் கூடு மட்டும் பாய் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தார், ஹெரால்டுக்கு என்று வாங்கி வைத்தது, பெட்டிகூடப் பிரிக்கவில்லை. வலது, இடது என்று பார்த்துப் போட வேண்டும், மரை எதிரெதிர்த் திசை. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை சின்ன திருகைக் கழற்றி, நிப்பிள் மாட்டி, மேலே ஆயில் கசிகிற வரை அடிப்பேன். இருபது நிமிட வேலை. ஸ்பிட்ஃபயரோ ஹெரால்டோ வைத்திருப்பவர் இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பாடி வேலையில் ஹெரால்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. ஹெரால்டு சேஸிக்குப் பக்கவாட்டிலும் சட்டம் இருக்கும். ஸ்பிட்ஃபயருக்கு அது கிடையாது, கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டிதான் அந்த பலத்தைக் கொடுக்கிறது. அது துரு பிடித்தது என்று அப்படியே அறுத்தால் வண்டி நடுவில் தொங்கிவிடும், அப்புறம் கதவு சாத்தாது. எங்கள் டிங்கர் ரொம்பப் பொறுமையான மனுஷர். முதலில் கதவு வாசலுக்குக் குறுக்கே ஆங்கிள் இரும்பை வைத்து வெல்டிங் அடித்தார். ஒரு பக்கம் முழுதாக முடிந்த பிறகுதான் மறுபக்கத்தை அறுத்தார். நாலு மில்லி பிளைவுட் துண்டு ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருப்பார். ஒவ்வொரு வெல்டிங் பொட்டு அடித்ததும் கதவை மாட்டி, அந்தத் துண்டை இடுக்கில் மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்ப்பார். எங்காவது சிக்கினால் அன்றைக்கு வேலை அங்கேயே நின்றுவிடும். இரண்டு சில்லுக்கும் சேர்த்து ஏழு வாரம் ஆனது. பதினொரு வருடமாகக் கதவு ஒரே விரலில் சாத்துகிறது.

எஞ்சின் வேலை அந்த அளவுக்கு நல்லபடியாக அமையவில்லை. நகரில் ஒரு பட்டறையில் ரீபோர் செய்து, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து சரிசெய்து கொடுத்தார்கள். 4,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருநாள் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மனைவியை கிளட்சை மிதிக்கச் சொன்னேன். முன்னால் கிராங்க் (எஞ்சினுக்குள் சுழலும் தண்டு) முனையில் இருக்கும் புல்லி ஒரு மில்லி அளவுக்கு முன்னே வந்து பின்னே போனது. இருக்க வேண்டியது 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர். வயிற்றைக் கலக்கிவிட்டது. கிராங்க் முன்னே பின்னே நகராமல் பிடித்து வைப்பது பின் மெயின் பேரிங் பக்கம் இருக்கும் இரண்டு பிறை வடிவ த்ரஸ்ட் வாஷர்தான். அவற்றின் பள்ளம் வெட்டிய முகம் கிராங்கைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி மாட்டியிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் வாஷர் கீழே விழுந்து, கிராங்க் பிளாக்கையே தின்றிருக்கும், அதோடு எஞ்சின் காலி. நல்ல வேளையாக இதற்கு எஞ்சினை இறக்க வேண்டாம். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, பின் கேப்பை எடுத்துவிட்டால் வாஷரைச் சுற்றி நகர்த்தி வெளியே எடுக்கலாம். பாய் சற்றே தடித்த வாஷர் போட்டு ஒரே நாளில் முடித்துக் கொடுத்தார். அந்தப் பட்டறையில் போய்க் கேட்டபோது இது தேய்மானம் என்றார்கள். ஒரு வருடம்கூட ஓடாத எஞ்சினில் என்ன தேய்மானம்? எனக்கு இன்னும் ஆறவில்லை. அன்றிலிருந்து சிக்னலில் கிளட்சை மிதித்தபடி நிற்கவே மாட்டேன், உடனே நியூட்ரலுக்கு வந்துவிடுவேன். மத்திய கைலாஷ் சிக்னலில் நிற்கும் நேரம் முழுக்க அந்தச் சின்ன வாஷர் மேல் பாரம் ஏற்றுவது எதற்கு?

கார்புரேட்டர் டியூனிங்கை நானே கற்றுக்கொண்டேன். ஒரு முழ நீள ஹோஸ், ஒரு முனை கார்புரேட்டர் வாயில், மறுமுனை காதில். இரண்டிலும் ‘உஸ்’ சத்தம் ஒரே மாதிரி கேட்க வேண்டும். அப்புறம் கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிக்கும் குறைவாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். விழுந்தால் குறைவு. லேசாக ஏறி இறங்கினால் சரி.

நம்ம ஊர் வெயிலில் இதைவிடப் பெரிய தொல்லை, கார்புரேட்டரும் சூடான புகை வெளியேறும் சைலன்சர் மேனிஃபோல்டும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் இருப்பது. சித்திரை, வைகாசியில் டீக்கடையில் கால் மணி நேரம் நிறுத்திவிட்டு செல்ஃப் அடித்தால் எடுக்காது, பெட்ரோல் ஆவியாகி நிற்கும். நடுவே அலுமினியத் தகடு ஒன்றை அடைப்பாக வைத்தேன், பெட்ரோல் பைப்பை மேனிஃபோல்டிலிருந்து தள்ளி மாற்றினேன், எலக்ட்ரிக் ஃபேன் ஒன்றும் போட்டேன். இப்போது மே மாதத்தில்கூட மூன்றாவது சுற்றில் எடுத்துவிடுகிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு பழைய ரப்பர் ஹோஸ் எல்லாம் ஊறிப் பிசுபிசுத்துவிட்டன. எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றி, பம்ப் டயாஃபிரமையும் மாற்றினேன். டாங்கில் நீர் கோத்துத் துரு பிடிக்கும் என்பதால் பாதி டாங்கோடு மாதக்கணக்கில் நிறுத்த மாட்டேன்.

வயரிங்கை எல்லோரும் திட்டுவார்கள், எனக்கு அதன் மேல் குறையில்லை. லூகாஸ் நிறக் கணக்கு மனதில் நின்றுவிட்டால் படமே வேண்டாம். பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை இக்னிஷன், பச்சை இக்னிஷனுக்குப் பிறகு ஃபியூஸ் தாண்டி வருவது, கறுப்பு எர்த். பத்துக்கு எட்டுத் தடவை கோளாறு எர்த்தில்தான் இருக்கும். ஈசிஆர் பக்கம் அடிக்கடி போவதால் உப்புக் காற்றில் முனைகள் பச்சை பூத்துவிடும். வருடத்துக்கு இருமுறை எல்லா எர்த்தையும் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வாசலின் தடவி மாட்டுவேன். கோவளம் போய் வந்த அன்றைக்கே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுவேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தை எழுதாமல் விட முடியாது. ரோட்டில் இறக்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான்கு சக்கரத்துக்கும் கீழே கான்கிரீட் கல் வைத்திருந்தும் சீட் வரை தண்ணீர். வடிந்த பிறகு டிஃபரன்ஷியல் திருகைத் திறந்தால் ஆயில் மோர் மாதிரி ஊற்றியது. எஞ்சினைச் சுற்றக்கூட இல்லை. பிளக்கைக் கழற்றி உள்ளே ஆயில் விட்டு, கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் இரண்டையும் மூன்று தடவை கழுவி மாற்றினோம். டைனமோவை ரீவைண்டிங் செய்ய வேண்டியிருந்தது. சீட் எல்லாம் புதிது. திரும்ப ஓட நான்கு மாதம் ஆனது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் வரிசையாகக் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அந்த வரிசையில் தார்ப்பாய் மூடி இதுவும் நின்றது.

ஓட்டுவதற்கு எப்படி? இந்தச் சந்து பொந்துக்கு இதைவிடத் தோதான வண்டி நான் பார்த்ததில்லை. சுமார் 24 அடி வட்டத்தில் முழுசாகத் திரும்பிவிடும். மயிலாப்பூர் மாட வீதியில் ஆட்டோ திரும்பும் இடத்தில் திரும்புகிறது. முதல் கியருக்கு, ஓட்டத்தில் உரசாமல் கியர் விழ உதவும் சிங்க்ரோ கிடையாது, வண்டி முழுசாக நின்ற பிறகு போட வேண்டும். பின் சக்கரம் ஸ்விங் ஆக்சில், அதாவது சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது அதன் சாய்வும் மாறும். வளைவுக்குள் வேகமாக நுழைந்துவிட்டுப் பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் தூக்கிச் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே லேசாக மிதித்தபடி போனால் தங்கமாகப் போகும். நம்ம ஊரில் இந்த ஆக்சில் எடுபடவில்லை, 1972இல் ஹெரால்டுக்கு அடுத்து வந்த கெஸல் காரில் வண்டலூர் கம்பெனியே அதை மாற்றிச் சாதாரண ஆக்சில் போட்டுவிட்டது. ஆனால் பழகிவிட்டால் நல்ல ஆக்சில்தான் என்பது என் அனுபவம்.

வருடத்துக்குச் சராசரியாக 70,000 ரூபாய் செலவாகிறது, பெட்ரோல் தனி. லிட்டருக்கு 11, 12 கிலோமீட்டர் கொடுக்கிறது. 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதியை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அதில் பதிந்தால் கண்காட்சி, ரேலி, பெட்ரோல், ரிப்பேர் போன்றவற்றுக்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். எனக்கு ஆபீஸ் போக வேண்டும், மகளை பெசன்ட் நகருக்கு ஐஸ்கிரீம் சாப்பிடக் கூட்டிப் போக வேண்டும். பழைய மெட்ராஸ் நம்பரிலேயே எஃப்சி புதுப்பித்து ஓட்டுகிறேன்.

இப்போது பின்பக்கக் குறுக்கு லீஃப் ஸ்பிரிங் தொய்ந்திருக்கிறது. சக்கரம் இரண்டும் உட்பக்கம் சாய்ந்து டயரை ஓரத்தில் தின்கின்றன. பாய் இப்போது பட்டறைக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார். “செவ்வாய்க்கிழமை கழட்டிடலாம் தம்பி, ஸ்பிரிங் பட்டறைக்காரன்கிட்ட நானே பேசறேன்” என்று சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் இந்த ஞாயிறு ட்ரன்னியனுக்கு ஆயில் அடிக்கும் முறை வருகிறது.