சூடேறி நொண்டும் லேப்டாப்: கிளீனிங்கா, பேஸ்ட்டா, வாட் குறைப்பா, கூலிங் பேடா?

நகரி, ஏகாம்பரகுப்பம், பொதட்டூர்பேட்டை பக்கம் லேப்டாப்புக்கு எதிரி இரண்டு: மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வெயில், விசைத்தறியிலிருந்து பறக்கும் பஞ்சு. அறை 15 டிகிரி கூடினால், அதே வேலைக்குப் பிராசசரும் ஏறக்குறைய 15 டிகிரி கூடுதலாகக் கொதிக்கும். ஏசி அறையில் 82 டிகிரியில் ஓடும் மெஷின், ஏசி இல்லாத இடத்தில் 97ஐத் தொடுகிறது. இன்டெல் சிப்கள் பலவற்றுக்கு 100 டிகிரிதான் எல்லை. அதைத் தொட்டதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கல்யாண வீடியோ ரெண்டர் பாதியில் ஊர்ந்து போவது பெரும்பாலும் இதனால்தான்.

பணம் செலவழிக்கும் முன் ஒரு சோதனை. சிப்பின் சூட்டையும் வேகத்தையும் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து வைத்து, 15 நிமிடம் முழுச் சுமை கொடுங்கள். சூடு எல்லைக்குப் போன பிறகு வேகம் இறங்கினால் கீழே சொல்வதெல்லாம் உதவும். 60 டிகிரியிலேயே 0.4 அல்லது 0.8 கிகாஹெர்ட்ஸில் ஒட்டிக்கொண்டால் சந்தேகப்பட வேண்டியது சார்ஜர், பேட்டரி, போர்டில் உள்ள சென்சார். பேஸ்ட் (சிப்புக்கும் அதன் சூட்டை வாங்கும் உலோகத்துக்கும் நடுவில் தடவும் பசை) மாற்றி ஒரு பயனும் இல்லை. முதல் அரை நிமிடம் பறந்துவிட்டு, 80 டிகிரியில் நிதானமான வேகத்துக்கு வந்து நின்றால் அது கோளாறே அல்ல. சிப் எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்று கம்பெனி வைத்த வாட் வரம்பு அது.

கிளீனிங்கா பேஸ்ட்டா என்பதைக் காற்று வெளியேறும் வாயில் கை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஃபேன் இரைகிறது, காற்று மட்டும் மெலிசாக, அனலாக வருகிறது என்றால் அடைப்பு. காற்று பலமாக வருகிறது, ஆனால் வெதுவெதுப்புதான், சிப்போ 98 டிகிரி என்றால் சூடு ஹீட்சிங்க் (சிப்பின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகப் பாகம்) தகடுகளுக்கே போய்ச் சேரவில்லை. பேஸ்ட் காய்ந்திருக்கும் அல்லது சூட்டைக் கடத்தும் ஹீட்பைப் குழாய் செத்திருக்கும்.

தறி ஓடும் தெருக்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அடைப்பைத்தான். ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில் பஞ்சு கம்பளி போலப் படிந்துவிடும், வெளியிலிருந்து தெரியாது. வெளிவாயில் ப்ளோயர் அடித்தால் அந்தப் பஞ்சு ஃபேனுக்குள் திரும்பிப் போகிறது, அவ்வளவுதான். அடிமூடியைத் திறந்து, பேட்டரி கனெக்டரை முதலில் கழற்றி, ஃபேனைத் தூக்கி, இடுக்கியால் பஞ்சை உரித்தெடுக்க வேண்டும். ப்ளோயர் பிடித்தால் ஃபேன் இறக்கையை விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். கட்டுக்கடங்காமல் சுற்றினால் பேரிங் போய்விடும். தறிப் பக்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மற்ற இடங்களில் ஆண்டுக்கு ஒருமுறை போதும்.

பேஸ்ட் மாற்றும்போது மலிவான, நீர்த்த பேஸ்ட் வேண்டாம். லேப்டாப் சிப்புக்கு மேல் உலோக மூடி கிடையாது. சூடாகிக் குளிரும்போதெல்லாம் நீர்த்த பேஸ்ட் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். சில மாதங்களில் பழைய கதைதான். பேஸ்ட்டுக்குப் பதில் வைக்கும் ஹனிவெல் பிடிஎம்7950 தாள் நீண்ட நாள் நிற்கும்: 45 டிகிரி வாக்கில் இளகிப் பரவுகிறது. நம் வெயிலில் கையிலேயே குழைந்துவிடுவதால், சிறிது நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு அதன் மேல் உறையை உரியுங்கள். போலி அதிகம், பார்த்து வாங்குங்கள். பேஸ்ட்டுக்குப் பதில் சிலர் தடவும் லிக்விட் மெட்டல் பக்கமே போகாதீர்கள்: அலுமினியத்தை அரிக்கும், சிந்தினால் போர்டு ஷார்ட் ஆகும். தெர்மல் பேட் (மற்ற சிப்களின் மேல் ஒட்டியிருக்கும் மெத்தைத் துண்டு) மாற்றினால் பழைய தடிமனையே போடுங்கள், 1 மி.மீ. இடத்தில் 1.5 போட்டால் ஹீட்சிங்க் சிப்பைவிட்டுத் தூக்கிக்கொள்ளும். ஸ்க்ரூக்களை ஹீட்சிங்கில் பொறித்துள்ள எண் வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும்.

வாட் குறைப்புக்குக் காசே வேண்டாம். சிப் குடிக்கும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறுவதால், உச்ச வேகத்தின் கடைசிப் பங்குதான் அதிகச் சூட்டைத் தருகிறது. இன்டெல் சிப்பின் வாட் வரம்பை மாற்றும் த்ராட்டில்ஸ்டாப் மென்பொருளில் 45 வாட்டை 35 ஆக்கினால் வேகம் அதே விகிதத்தில் விழாது. ரெண்டரும் ஏறி இறங்காமல் சீராக ஓடும். ஏஎம்டிக்கு ரைசன்அட்ஜ் இருக்கிறது. விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் மேக்சிமம் பிராசசர் ஸ்டேட்டை 99% ஆக்கினால் பல மெஷின்களில் டர்போ (சிப் தற்காலிகமாக எடுக்கும் கூடுதல் வேகம்) முழுவதும் நின்றுவிடும். சூடு சட்டென இறங்கும், வேகமும் நிறையப் போகும். அண்டர்வோல்ட்டை (அதே வேகத்துக்குக் குறைந்த வோல்டேஜ் கொடுப்பதை), 2019இல் வெளிவந்த ப்ளண்டர்வோல்ட் பாதுகாப்பு ஓட்டைக்குப் பிறகு பல மாடல்களில் பூட்டிவிட்டார்கள்.

கூலிங் பேடுக்குக் கடைசி இடம்தான். அதன் ஃபேனும் லேப்டாப்பின் அடித்துளையும் நேர்க்கோட்டில் இல்லையென்றால் வீண். 42 டிகிரி அறையில் அது ஊதுவது 42 டிகிரிக் காற்றையே, பஞ்சையும் சேர்த்து. பின்பக்கம் இரண்டு மூன்று செ.மீ. உயர்த்தி வைப்பதே அதன் பலனில் பெரும்பங்கைத் தந்துவிடும்.