செஷனை எங்கே வைப்பது: மெம்கேஷ்டா, ரெடிஸா?

கம்பம், குமுளி, செங்கோட்டைப் பக்கம் சபரிமலை சாமிமாருக்கு அறையும் வேனும் பதிவு செய்து தரும் தளங்களுக்கு மண்டல சீசனில்தான் கூட்டம் ஏறும். சர்வர் இரண்டு, மூன்று ஆனதும் ஃபைலில் செஷன் (யார் லாகின் செய்தார், எதுவரை நிரப்பினார் என்ற தற்காலிகக் குறிப்பு) வைப்பது உதவாது. ஒன்றில் லாகின் செய்தவரை மற்றொன்று அடையாளம் தெரியாமல் வெளியே தள்ளும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் ஒரு டேபிளில் வைக்கலாம். கூட்டம் குறைவென்றால் அதுவே போதும், வேறெதையும் நிறுவ வேண்டாம்.

மெம்கேஷ்டும் ரெடிஸும் தரவை மெமரியில் வைத்துத் தரும் மென்பொருள்கள். மெம்கேஷ்ட் வேகமானது, பராமரிப்பும் குறைவு. ஆனால் ரீஸ்டார்ட் ஆனால் எல்லாச் செஷனும் போய்விடும். டீஃபால்ட் மெமரி 64 எம்பிதான். நிரம்பினால், காலம் முடியாத செஷனையும் சத்தமில்லாமல் தூக்கிவிடும். லாகில் பிழை எதுவும் விழாது. பாதி நிரப்பிய படிவத்தோடு பயணி வெளியேறியது உங்களுக்குத் தெரியவே தெரியாது. இன்னொரு பொறி: ஆயுளை 30 நாளுக்கு மேல் நொடிக் கணக்கில் கொடுத்தால், அதை யூனிக்ஸ் தேதியாக (1970 தொடக்கத்திலிருந்து எண்ணும் நொடிகள்) எடுத்துக்கொள்ளும். அது 1970ஆம் ஆண்டில் விழுவதால் செஷன் அப்போதே காலாவதி.

பதிவுத் தளத்துக்கு ரெடிஸ்தான் சரி. ஏஓஎஃப்பை (மாற்றங்களை டிஸ்கில் குறித்து வைக்கும் வசதி) இயக்கி, 'எவ்ரிசெக்' (நொடிக்கு ஒருமுறை டிஸ்கில் சேர்ப்பது) வைத்தால், ரெடிஸ் விழுந்து எழுந்தாலும் இழப்பு ஏறக்குறைய கடைசி ஒரு நொடியில் எழுதியது மட்டும்தான். மேக்ஸ்மெமரி அளவை, அதாவது மெமரி வரம்பை, நீங்களே குறிக்க வேண்டும். நிரம்பியபின் என்ன செய்வது என்பதற்கு டீஃபால்ட்டான 'நோஎவிக்‌ஷன்' இருக்கட்டும்: பழையதை அழிக்காது, புதிதாக எழுதும்போது பிழை தரும். பிழை கண்ணில் பட்டால் மெமரியைக் கூட்டிவிடலாம்.

பலர் சறுக்குவது கேஷையும் (வேகத்துக்காக எடுத்து வைக்கும் நகல்) செஷனையும் ஒரே ரெடிஸில் போடும்போது. கேஷுக்காக 'ஆல்கீஸ்-எல்ஆர்யூ' (நிரம்பினால், நெடுநேரம் தொடாததை அழிப்பது) வைத்தால், கேஷில் உள்ள அறைப் பட்டியல் செஷனைத் தள்ளிவிடும். ஒரே ரெடிஸுக்குள் டேட்டாபேஸ் எண்ணை மாற்றுவதால் பயனில்லை. மெமரி வரம்பு மொத்தத்துக்கும் ஒன்றுதான். கேஷை 6379 போர்ட்டில் விட்டு, செஷனுக்கு 6380 போர்ட்டில் தனி ரெடிஸ் ஓட்டுங்கள்.

தளம் பிஹெச்பி மொழியில் எழுதியதென்றால் மெம்கேஷ்டுக்கு ஒரு சாதகம் உண்டு. அதன் எக்ஸ்டென்ஷனில் செஷன் லாக் (ஒரு செஷனை ஒரு நேரத்தில் ஒரே கோரிக்கை மட்டும் தொட விடும் பூட்டு) டீஃபால்ட்டாகவே இயங்கும், ரெடிஸுக்கான பிஹெச்பிரெடிஸ் எக்ஸ்டென்ஷனில் அணைந்திருக்கும். லாக் இல்லாமல் அறையும் வேனும் ஒரே நேரத்தில் சேர்க்கப்பட்டால் கடைசியாக எழுதியது மட்டுமே மிஞ்சும். லாக்கிங்கை மறக்காமல் இயக்குங்கள்.

செஷன் ஆயுளும் முக்கியம். பிஹெச்பியின் டீஃபால்ட் 1440 நொடி, அதாவது 24 நிமிடம். மலைப்பாதையில் சிக்னல் போய்த் திரும்புவதற்குள் அது முடிந்துவிடலாம். 7200 நொடி வையுங்கள். சீசனுக்கு முன், ஒரு பதிவைப் பாதியில் நிறுத்தி, ரெடிஸை ரீஸ்டார்ட் செய்து, அதே பிரவுசரில் தொடர முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.