மெழுகுச் சட்டையா, நனைத்த துண்டா: இராமநாதபுரக் கடற்கரைக்கு எது பொருந்தும்?

மார்கழியில் கொடைக்கானல் வீட்டு அலமாரியில் கல்லாக உறைந்து நிற்கும் தேங்காய் எண்ணெய், பாம்பனில் அதே மாதத்தில் பெரும்பாலும் உறையாமலே கிடக்கும். வெப்பத்தைச் சேமிக்கும் துணிகளை இந்தக் கரையில் எடைபோடுவதற்கு அந்த எண்ணெய்ப் புட்டியே போதுமான அளவுகோல்.

1980களில் நாசாவின் ஆதரவுடன் நடந்த ஆய்வுகளிலிருந்து வளர்ந்த இத்துணிகளில், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுறைகளுக்குள் பாரஃபின் மெழுகு அடைக்கப்பட்டிருக்கும். அது உருகும்போது உடலின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு, உறையும்போது திருப்பித் தருகிறது. பரவலாகப் பயன்படும் ஆக்டாடெக்கேன் என்ற பாரஃபின் மெழுகு 28 டிகிரி செல்சியஸில் உருகும். கிராமுக்கு ஏறத்தாழ 240 ஜூல் வெப்பத்தை ஏற்கும். ஒரு சட்டையில் 40 கிராம் மெழுகு இருப்பதாகக் கொண்டால், மொத்தம் 9,600 ஜூல். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடலே நொடிக்குச் சுமார் 100 ஜூல் வெளியிடுகிறது என்பதால், அந்தச் சேமிப்பு ஒன்றரை நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான கணக்குத்தான். வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பு வாருபவருக்கு அதுவும் கிடையாது.

அதைவிடப் பெரிய சிக்கல், உருகிய மெழுகு மீண்டும் உறைய வேண்டும் என்பது. மே மாதத்தில் இரவிலும் 28 டிகிரியை ஒட்டியே நிற்கும் பாம்பன் காற்றில், கொடியில் தொங்கும் சட்டை விடியும்போதும் உருகிய மெழுகோடுதான் இருக்கும். குளிரூட்டிய கடையில் தொட்டுப் பார்த்து நான் வாங்கிய சட்டை, பேருந்து நிறுத்தம் வரும் முன்பே சாதாரணச் சட்டையாகிவிட்டது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை; அவருடைய கடைக்குள் அது உண்மையிலேயே வேலை செய்தது.

மெழுகுப் பைகளைச் செருகும் மேலங்கியின் கதை வேறு. இரண்டு கிலோ பைகள், கிராமுக்கு 200 ஜூல் என்று குறைத்து மதிப்பிட்டாலும், 4,00,000 ஜூல் வாங்கும். இளைப்பாறும் உடலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். மீனுக்காக எப்படியும் ஐஸ் ஏற்றிச் செல்லும் விசைப்படகில், ஐஸ் கரைந்த நீரில் பைகளை முக்கிவைத்து மீண்டும் உறைய வைத்துவிடலாம். ஐஸையே நேராக மார்பில் கட்டிக்கொண்டால் என்ன என்று கேட்கலாம்: மிகு குளிர் தோலின் குருதி நாளங்களைச் சுருக்குவதால், உள்ளிருக்கும் வெப்பம் வெளியேறுவது தடைப்படும். ஆனால் இரண்டு கிலோவைச் சுமந்தபடி வலை இழுப்பது எளிதன்று.

மூன்றாவது, நனைத்த பருத்தித் துண்டு. ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் போகிறது. அதே எடை மெழுகைப்போல் பத்து மடங்கு. கடற்கரையின் ஈரக் காற்று ஆவியாதலைத் தாமதப்படுத்தும் என்பது உண்மையே. வியர்வை ஆவியாகாமல் சொட்டிப்போனால் வெப்பம் உடலிலேயே தங்கிவிடும். ஆயினும் கச்சான் என்னும் மேல்காற்று வீசும்போது, நல்ல தண்ணீரில் நனைத்துத் தோளில் போட்ட துண்டுக்கு மெழுகுச் சட்டை ஈடாகாது. காற்று விழுந்துவிட்ட நண்பகலில் மட்டும் மேலங்கி முந்துகிறது.

சட்டைதான் வேண்டும் என்பவர், மெழுகின் உருகுநிலையைக் கேட்டு, 32 டிகிரியில் உருகும் நோனாடெக்கேன் மெழுகு கலந்ததாகப் பார்த்து வாங்கலாம். அந்த மெழுகாவது இங்குள்ள இரவில் உறையும்.