ஆரன்முளா வள்ளசத்யா: பாடிக் கேட்டால் இலைக்கு வரும்

கேரளத்தில் ஆரன்முளா கோயிலுக்கு வள்ளத்தில், அதாவது படகில் வரும் துடுப்புக்காரர்களுக்கு வழிபாடாகப் படைக்கும் விருந்துதான் வள்ளசத்யா. அதைப் பார்க்கப் போன வருஷம் ஒரு சுற்றுலா பஸ்ஸில் போய் ஏமாந்தேன். மதியம் 1 மணிக்கு மேல்தான் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். வள்ளம் வந்து, வரவேற்பு முடிந்து, பாட்டும் ஓய்ந்திருந்தது. சாப்பாடு கிடைத்தது, ருசியாகவும் இருந்தது. ஆனால் வள்ளசத்யாவை நான் பார்க்கவில்லை.

இந்த ஆவணியில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கூட வேலை பார்ப்பவர் வீட்டார் வழிபாடாகக் கொடுக்கும் விருந்து, நாங்கள் விருந்தாளிகள். செங்கன்னூரில் ரயில் இறங்கி, காலை 10 மணிக்கே பார்த்தசாரதி கோயில் படித்துறையில் நின்றோம். நம்மாழ்வார் பாடிய திருவாறன்விளை இதுதான் என்பதால் அம்மாவுக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

பம்பையாற்றில் முதலில் பாட்டுதான் கேட்டது. அப்புறம் பின்பக்கம் வானத்தைப் பார்த்து உயர்ந்த பள்ளியோடம், அதாவது கோயில் வள்ளம் வந்தது. இப்படி 52 கரைகளுக்கு, அதாவது ஆற்றோர ஊர்களுக்குப் பள்ளியோடம் உண்டு. வழிபாட்டு வீட்டார் விளக்கு, முத்துக்குடை, நாதஸ்வரத்தோடு துடுப்புக்காரர்களை எதிர்கொண்டு அழைத்தார்கள். துடுப்புக்காரர்கள் வஞ்சிப்பாட்டு என்கிற படகுப் பாட்டைப் பாடியபடியே கோயிலைச் சுற்றி வந்து பந்தியில் உட்கார்ந்தார்கள்.

இனிமேல்தான் விளையாட்டு. இலையில் இல்லாததை ஒருவர் பாட்டாகவே கேட்பார், மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். இல்லை என்று சொல்லக் கூடாது. துடுப்புக்காரர்களோடு கண்ணனே வந்து உட்காருகிறான் என்பது நம்பிக்கை. தேன் கேட்டார்கள், கரும்பு கேட்டார்கள், தகரைக் கீரைத் தோரன் (தேங்காய் போட்ட பொரியல்) கேட்டார்கள். சேனப்பாடி ஊரிலிருந்து வரும் பாளைத்தயிர் பாட்டில் வந்ததும் பந்தி முழுக்கச் சிரிப்பு. பரிமாறும் பையன்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், அதற்குள் அடுத்த அடி தொடங்கிவிடுகிறது. கூப்பிட்டவர் வீட்டுப் பெரியவர் கைகூப்பி நின்றபடி, எல்லாம் வந்ததா என்று ஒவ்வொரு இலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

64 வகை என்று எல்லோரும் எண்ணிக்கையைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள். நான் எண்ணவே இல்லை. வறுத்த தேங்காய் மணக்கும் எரிசேரியை மூன்று முறை வாங்கினேன். அம்மாவுக்குப் பால் பாயசம் பிடித்தது. அவியல் சுமார்தான், நாகர்கோவிலில் எங்கள் வீட்டில் வைப்பது இன்னும் கெட்டியாக இருக்கும்.

ஆடியில் தொடங்கிப் புரட்டாசி வரை நடக்கிறது. வழக்கமான நாட்களில் அழைப்போ கூப்பனோ இல்லாமல் பந்திக்குப் போக முடியாது, முன்னாலேயே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கண்ணன் பிறந்த நாளான அஷ்டமி ரோகிணியன்று எல்லாக் கரை வள்ளங்களும் வரும், ஆயிரக்கணக்கில் கூட்டம். வயதானவர்களோடு போகிறீர்கள் என்றால் வேறு நாள் பாருங்கள். எந்த நாளானாலும் வள்ளம் கரை சேருவதற்கு முன்னாலேயே படித்துறைக்குப் போய்விட வேண்டும்.

சாப்பிட்டு முடித்துத் துடுப்புக்காரர்கள் அந்த வீட்டாரைப் பாடி வாழ்த்தினார்கள். வீட்டார் படித்துறை வரை கூடவே போய் வழியனுப்பினார்கள். வள்ளம் வளைவில் மறைகிற வரை அம்மா அங்கேயே நின்றாள்.