பெரம்பூர் பிரிட்ஜ் வகுப்பு: ஃபினெஸுக்கு முன்னால் எண்ணிக்கை

வடசென்னையில் ரம்மிக்கு ஆள் தேட வேண்டாம், இரண்டு ஜோடியாக ஆடும் பிரிட்ஜ் சீட்டாட்டத்துக்கு நாலு பேர் சேர்வதுதான் பெரும்பாடு. அதனால்தான் பெரம்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு மாடியில் ஞாயிறு மாலை நடக்கும் இந்த வகுப்பைப் பற்றி எழுதுகிறேன். சொல்லித்தருபவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் முன்பு போன வேறொரு இடத்தில் ஏலம் கேட்பதோடு, அதாவது எத்தனை டிரிக் (ஆளுக்கொரு சீட்டு போடும் சுற்று) ஜெயிப்போம் என்று சொல்வதோடு, பாடம் முடிந்துவிடும், ஆட்டத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுவார்கள். இங்கே டம்மி (ஏலம் ஜெயித்த ஜோடியில் மேசையில் திறந்து வைக்கும் கை) விரித்ததும் டிக்ளேரர் (அந்த ஜோடியின் இரண்டு கையையும் ஆடுபவர்) சீட்டைத் தொடக்கூடாது. உறுதியான டிரிக் எத்தனை, மீதி எங்கிருந்து வரும் என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும்.

ஒரு கை சொல்கிறேன். 3 நோ டிரம்ப் (துருப்பு இல்லாத ஆட்டம்), 9 டிரிக் வேண்டும், கையில் உறுதியாக இருப்பது 8. கிளப்பில் ஏஸ், குயின் இருக்கிறது, கிங் வெளியே. டைமண்டில் ஒரு பக்கம் ஏஸ், கிங்கோடு நாலு சீட்டு, எதிரே குயினோடு மூன்று. முக்கால்வாசிப் பேர் உடனே கிளப் ஃபினெஸ் எடுப்பார்கள் (கிங் முன்னால் ஆடுபவரிடம் இருக்கும் என்று நம்பி குயினைப் போட்டுப் பார்ப்பது), அது 50 சதவீதம்தான். சார் முதலில் டைமண்டில் மூன்று பெரிய சீட்டையும் ஆடச் சொல்வார். எப்படியும் எடுக்கப்போகிற டிரிக்தானே, ஆடிப் பார்ப்பதில் நஷ்டமில்லை. வெளியே இருக்கும் 6 டைமண்டு 3-3 எனப் பிரிந்திருந்தால் (36 சதவீத வாய்ப்பு) நாலாவது டைமண்டே ஒன்பதாவது டிரிக், ஃபினெஸே தேவையில்லை. பிரியவில்லையா, அப்போது கிளப்பை முயற்சி பண்ணலாம். இரண்டும் சேர்ந்தால் 68 சதவீதத்துக்குப் போய்விடுகிறது!

அப்புறம், எதிராளிகளிடம் இருக்கும் குயினை எந்தப் பக்கமும் ஃபினெஸ் எடுத்துத் தேடலாம் என்கிற கை. லீட் (ஆட்டத்தின் முதல் சீட்டு) ஆடிய எதிராளியிடம் அவர் ஆடிய ஜாதி நீளமாக இருக்கிறது, அவருடைய பார்ட்னரிடம் தீர்ந்துபோய்விட்டது என்றால், தோற்றாலும் அந்த பார்ட்னர் கைக்கே போகிற மாதிரி ஃபினெஸ் எடுக்கவேண்டும், அவரால் அந்த ஜாதியைத் திருப்பி ஆடமுடியாது. பார்ட்னரிடம் அந்த ஜாதி தீர்வதற்காகத்தான் அதன் ஏஸை உடனே போடாமல் இரண்டு சுற்று விட்டுப்பிடிப்பது என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுசாக விளங்கியது, அதற்காகவே அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

குறைகளும் உண்டு. எதிராட்டம் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே சொல்லித்தருவதில்லை, எதிரணியில் உட்காரும்போது தடுமாறுகிறோம். மாடிப்படி செங்குத்து, மூட்டுவலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். ஏலம் கேட்கவே தெரியாதவர்கள் அதை முதலில் வேறெங்காவது கற்றுக்கொண்டு வருவது நல்லது. பார்ட்னர் இல்லாமல் தனியாக வந்தாலும் ஜோடி சேர்த்துவிடுவார்கள்.