பழைய பாணி ஹஷீஷ்: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

டொராண்டோவில் இருக்கிறேன். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி விற்கப்படுகிறது. பிசின் வகைகளுக்கான விதிகள் மறு வருடம் அக்டோபரில் வந்தன. அதற்கு அப்புறம்தான் உரிமம் பெற்ற கடைகளில் ஹஷீஷ், அதாவது அழுத்திய கஞ்சாப் பிசின், பரவலாகக் கிடைக்க ஆரம்பித்தது. அப்போதிருந்து நான் வாங்குவது பெரும்பாலும் அதுதான். பூ, வேப், மிட்டாய் என்று அலமாரி நிறைய இருந்தும் இந்தப் பழுப்புக் கட்டியிலேயே ஏன் நின்றுவிட்டேன் என்பதைச் சொல்கிறேன். இந்தியாவிலிருந்து படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே 1985-ஆம் வருடப் போதைப்பொருள் சட்டப்படி சரஸ் (ஹஷீஷின் இந்தியப் பெயர்) வைத்திருப்பதே குற்றம். பாங்கு இலைக்குக் கிடைக்கும் விலக்கு சரஸுக்குக் கிடையாது. நான் எழுதுவது இது அனுமதிக்கப்பட்ட ஊரில் இருந்துகொண்டு.

கஞ்சாவின் பெண் பூக்களில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பிசின் சுரப்பிகள் இருக்கும். இலை, தண்டை விலக்கிவிட்டு அந்தப் பிசினை மட்டும் சேர்த்து அழுத்தினால் ஹஷீஷ். சேர்க்கிற விதத்தில் இரண்டு மரபுகள் உண்டு. இமாச்சலத்தின் மலாணா, பார்வதி பள்ளத்தாக்கு, நேபாள மலைகள் ஆகிய இடங்களில் பச்சைச் செடியை உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்து, கையில் ஒட்டுவதை உருட்டி எடுப்பார்கள். சரஸ் அப்படி வருவது. ஆப்கானிஸ்தானிலும் லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கிலும் செடியைக் காயவைத்துச் சலித்து, விழும் பொடியை அழுத்துவார்கள். மொராக்கோவின் ரிஃப் மலையிலும் இன்று அதே முறைதான், ஆனால் அங்கே அது வேரூன்றியது 1960-களில். அதற்கு முன்பு ரிஃப் மக்களுக்குப் பழக்கம் கிஃப்: நறுக்கிய பூவைப் புகையிலையோடு கலந்து, செப்சி என்ற நீளமான மெல்லிய குழலில் பிடிப்பது.

நல்ல கட்டி கையில் எப்படி இருக்கும் என்றால், நம் வீட்டுக் கட்டிப் பெருங்காயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஆப்கான் மண்ணிலிருந்து வரும் பிசின்தானே. மேல்புறம் கறுத்து, லேசாக மினுங்கும். கத்தியால் வெட்டினால் உள்ளே வெளிர்பழுப்பு. விரல்களுக்கு நடுவே கொஞ்ச நேரம் வைத்திருந்தால் உடம்புச் சூட்டிலேயே இளகி வளையும். வளையாமல் உதிர்ந்தால் பிசினை விட இலைத்தூள் அதிகம் என்று நான் முடிவு செய்துவிடுவேன். வாசனை பூவின் வாசனை இல்லை. மிளகு, ஈர மண், பழைய மரப்பெட்டி, கொஞ்சம் தோல். இந்த மாற்றத்துக்கு வேதியியல் காரணமும் உண்டு. செடியில் இருக்கும் மிர்சீன் என்ற வாசனைப் பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டு இன்னொன்றாக மாறுகிறது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2014-இல் அதை அடையாளம் கண்டு ஹஷிஷீன் என்றே பெயர் வைத்தார்கள். ஹஷீஷுக்கென்று தனி வாசனை இருக்கிறது என்று புகைப்பவர்கள் எப்போதும் சொல்லிவந்தது வெறும் கற்பனை இல்லை.

இப்போது கடைகளில் எல்லோரும் பார்ப்பது உறையில் போட்டிருக்கும் டிஎச்சி, அதாவது போதை தரும் பொருளின் அளவைத்தான். கரைப்பான் ஊற்றிப் பிரித்த நவீனச் சாறுகளில் அது 80 சதவீதத்தையும் தாண்டும். பழைய பாணி ஹஷீஷ் பல நேரம் அதில் பாதிகூட வராது. அளவை மட்டும் பார்த்து வாங்குபவருக்கு அது குறைதான். எனக்கு அது நிறை. சாறு ஒரே அடியில் மேலே தூக்கிவிடும்; ஹஷீஷ் மெதுவாக ஏறி, தோளையும் கழுத்தையும் தளர்த்தி, மெதுவாகவே இறங்குகிறது. நடுவில் பேச்சு ஓடும், பாட்டு நன்றாகக் கேட்கும், பசி எடுக்கும். பாதிப் பேச்சில் எதைச் சொல்ல வந்தோம் என்பது மறந்தும் போகும். நாள்பட்ட கட்டியில் டிஎச்சியின் ஒரு பகுதி சிபிஎன் என்ற வீரியம் குறைந்த பொருளாக மாறியிருக்கும். பழைய கட்டி சாந்தமாக இருப்பதற்கு அது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

டிஎச்சி பற்றி நமக்குத் தெரிந்ததே ஒரு ஹஷீஷ் கட்டியிலிருந்து தொடங்கியதுதான். ரஃபேல் மெக்கூலமும் யெக்கியல் கவோனியும் 1964-இல் அதைத் தனியாகப் பிரித்து அதன் அமைப்பைச் சொன்னார்கள். அவர்கள் கையில் இருந்த மூலப்பொருள் இஸ்ரேல் போலீஸ் பறிமுதல் செய்து வைத்திருந்த லெபனான் ஹஷீஷ். கைவேலைக்காரர்கள் பல தலைமுறையாகச் செய்துகொண்டிருந்ததில் போதை தருவது எது என்று அறிவியல் அப்போதுதான் தெளிவாகச் சொன்னது.

சட்டப்படி வாங்குவதில் பெரிய நிம்மதி பரிசோதனை. பொதி எண், உறையிட்ட தேதி, கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் என்று எல்லாம் உறையிலேயே இருக்கும். பூஞ்சை, பூச்சிமருந்து எல்லாம் பார்த்துத்தான் கடைக்கு வரும். இது சின்ன விஷயம் இல்லை. மாட்ரிட் தெருக்களில் வாங்கிய மாதிரிகளைச் சோதித்து 2019-இல் வெளியான ஆய்வில், பெரும்பாலானவற்றில் மலத்திலிருந்து வரும் கிருமி இருந்தது. காரணம் சொல்லவே சங்கடமாக இருக்கிறது: சரக்கில் ஒரு பகுதியைச் சின்னச் சின்ன உருண்டையாக விழுங்கி வயிற்றில் வைத்துக் கடத்தி வருகிறார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒரு நிறுவனத்தின் கட்டியை வாங்கித் திறந்தால் செங்கல் தூளாக உதிர்ந்தது. குழந்தைகள் திறக்க முடியாத பெரிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் விரல்நுனி அளவு ஹஷீஷ், மிச்சமெல்லாம் குப்பை. அதைவிட முக்கியமானது உடம்பு. தினமும் எடுத்தால் சீக்கிரமே அளவு ஏறும். ஏறினால் சுகம் குறையும். சில நாள் நிறுத்தினால் தூக்கம் கெடும், கனவுகள் கொட்டும், எரிச்சல் வரும். அதனால் வார இறுதி மாலைகளோடு நிறுத்திக்கொள்கிறேன், இடையில் முழு மாதமும் விடுவதுண்டு. ஐரோப்பிய வழக்கப்படி புகையிலை கலப்பதை விட்டு எரிக்காமல் சூடாக்கி ஆவியாக இழுக்கும் வேப்பரைசருக்கு மாறியதில் காலை இருமல் போனது. புகை உள்ளே போன அன்று கார் சாவியைத் தொடுவதில்லை. குடும்பத்தில் மனச்சிதைவு நோய் இருப்பவர்கள், மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் இளவயதுக்காரர்கள், கர்ப்பிணிகள் இதன் பக்கமே வரக் கூடாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஒண்டாரியோவில் வயது வரம்பு 19. என் அபிப்பிராயத்தில் அது இன்னும் சில வருடம் கூடுதலாக இருந்திருக்கலாம்.

என்னை உறுத்துவது வேறொன்று. கடையில் மொராக்கோ முறை, ஆப்கான் முறை, நேபாளக் கோயில் உருண்டை என்று பெயர் போட்டு விற்கிறார்கள். செடி வளர்ந்தது கனடாவில். கஞ்சா இறக்குமதிக்கு இங்கே மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டுமே அனுமதி. பெயரை எடுத்துக்கொண்டோம், முறையை எடுத்துக்கொண்டோம், அதைக் கண்டுபிடித்துக் காப்பாற்றிய மலைக்காரர்களுக்கு ஒரு காசு போகவில்லை. அவர்கள் பட்டதோ கொஞ்சமில்லை. காத்மாண்டுவில் அரசு உரிமத்தோடு நடந்த கடைகள் 1973-இல் மூடப்பட்டன. ரிஃப் விவசாயிகள் பல வருடம் போலீஸ் வழக்குக்குப் பயந்தே வாழ்ந்தார்கள். மொராக்கோ 2021-இல் மூன்று மாகாணங்களில் மருத்துவத்துக்கும் தொழிலுக்கும் பயிரிட அனுமதி கொடுத்தது. 2024 ஆகஸ்டில் மன்னர் 4,800-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு மன்னிப்பு வழங்கினார். லெபனானும் 2020-இல் மருத்துவப் பயிருக்குச் சட்டம் கொண்டுவந்தது.

ஆனாலும் அந்தச் சட்டங்களில் ஹஷீஷ் என்ற கைவேலைக்கு இடமில்லை. எந்தப் பள்ளத்தாக்கு, எந்த அறுவடை, யார் சலித்தது என்று உறையில் எழுதி ஒரு ரிஃப் கட்டி என் தெருக் கடைக்கு வந்தால், விலை இரண்டு மடங்காக இருந்தாலும் முதல் ஆளாகப் போய் வாங்குவேன்.