கிழட்டுக் குதிரையின் தோல் வியாதி: நிலாவெளியில் எங்களுக்கு உதவியதும் உதவாததும்

எங்கள் செல்லி நுவரெலியாவில் பந்தயம் ஓடியவள். பிறகு நிலாவெளிக் கடற்கரையில் உல்லாசப் பயணிகளைச் சுமந்தாள். இப்போது சவாரி எதுவும் இல்லாமல் எங்கள் வளவில் நிற்கிறாள். வயது இருபதைத் தாண்டிவிட்டது. அவளுடைய தோலோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டியதில், எதற்குக் காசு செலவழிக்கலாம், எதற்குக் கூடாது என்று ஒரு தெளிவு வந்திருக்கிறது. திருகோணமலைப் பக்கம் குதிரை வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு, கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆளில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

அவளுக்கு இருப்பது இரண்டு தொல்லை. ஒன்று, பிடரியையும் வாலடியையும் தூணில் தேய்த்துத் தேய்த்து மயிர் கொட்டித் தோல் தடித்துப்போவது. பார்க்கிறவர்கள் எல்லோரும் சொறி என்றார்கள். டொக்டர் பிடரியை விரலால் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது சொறி இல்லை அக்கா, பூச்சிக்கடிக்கு வருகிற ஒவ்வாமை" என்றார். கியூலிகாய்டீஸ் என்ற சின்னப் பூச்சி கடிக்கும்போது அதன் எச்சிலுக்கு உடம்பு காட்டுகிற எதிர்ப்புத்தான் அந்த அரிப்பு. பூச்சியின் நீளம் 1 முதல் 3 மில்லிமீற்றர்தான். சேற்றிலும் சாணி கலந்த ஈர மண்ணிலும் பெருகும். விடியப்புறமும் பொழுதுபடுகிற நேரமும் கூட்டமாக வரும். இந்த ஒவ்வாமை குணமாகிவிடுவதில்லை. கடியைக் குறைக்கத்தான் முடியும்.

அந்தப் பூச்சிக்குப் பறக்கிற பலம் குறைவு. கொஞ்சம் காற்று அடித்தாலே நிலைகொள்ளாது. ஆகவே கொட்டிலின் வளையில், குதிரையின் வாய்க்கு எட்டாத உயரத்தில், பெரிய மின்விசிறி ஒன்றைக் கட்டினோம். வயர் முழுவதும் குழாய்க்குள் போகிறது. உப்புக்காற்றில் கூண்டு துருப்பிடிப்பதால் அடிக்கடி துடைத்துப் பூச்சுப் பூச வேண்டியிருக்கிறது, அது ஒரு வேலைதான். ஆனாலும் இவ்வளவு காலத்தில் நாங்கள் வாங்கிய சாமான்களில் இதற்குத்தான் முதல் இடம் கொடுப்பேன். 2022 மார்ச்சில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனபோது அதன் அருமை நன்றாகத் தெரிந்தது. ஜெனரேற்றருக்கு எண்ணெய் இல்லை. மின்விசிறி நின்ற சில நாட்களிலேயே வாலடி பச்சைப் புண்ணாகிவிட்டது. வேப்பிலைப் புகை போட்டோம். பூச்சி ஓரளவு போனது, செல்லிக்கு இருமல் வந்தது. வயதான குதிரையின் நெஞ்சுக்குப் புகை ஆகாது. பிறகு பொழுதுபடும் நேரத்தில் கடற்கரைக்குக் கொண்டுபோய்க் காற்றில் நிறுத்தி, இருட்டிய பிறகு திருப்பிக் கூட்டிவருவோம்.

போர்வையும் தைத்துப் பார்த்தோம். சாதாரண நுளம்பு வலைத் துணியின் கண்ணுக்குள்ளால் இந்தப் பூச்சி சுலபமாக நுழைந்துவிடும். நெருக்கமான துணி என்றால் எங்கள் வெயிலில் வேர்த்துக் கொட்டுகிறது, அந்த ஈரமே அடுத்த வியாதிக்கு வழி. இப்போது பின்னேரத்தில் மட்டும், மின்விசிறியும் சுற்றும்போது, போர்வையைப் போடுகிறோம்.

இரண்டாவது தொல்லை மாரியோடு வருவது. ஒக்டோபரில் மழை பிடித்தால் முதுகிலும் பின்பக்கத்திலும் பொருக்குப் பொருக்காகத் தடிக்கும். டெர்மடோஃபிலஸ் என்ற பக்ரீரியாவின் வேலை அது. தோல் நாட்கணக்கில் நனைந்து ஊறினால் விழித்துக்கொள்ளும். ஒரு பொருக்கை எடுத்துப் பார்த்தால் மயிர்க்கற்றை தூரிகை மாதிரி அதோடு சேர்ந்து வரும், அடியில் தோல் சிவந்து கசியும். காய்ந்த பொருக்கை இழுத்துப் பிய்க்கக் கூடாது. குதிரைக்கு உயிர் போகிற வலி.

இதற்கு நாங்கள் நம்புவது குளோரெக்சிடீன் என்ற கிருமிநாசினிக் கழுவல்தான், பாமசியில் கிடைக்கிற 4 வீதக் கரைசல். நுரைக்கப் பூசி 10 நிமிடம் அப்படியே விட வேண்டும். அதற்குள் பொருக்கு ஊறி விரலுக்கே வழிந்து வரும். நன்றாக அலம்பிய பிறகு பழைய சாரத்தால் ஒற்றி, மின்விசிறிக்கு முன்னால் முழுதாகக் காயும்வரை நிறுத்துவோம். காயவைக்க நேரம் இல்லாத நாளில் கழுவாமல் விடுவதே மேல். அப்புறம் ஒரு விஷயம்: இது மனிதருக்கும் தொற்றக்கூடியது, கையுறை கட்டாயம். பிரஷ், சேணத்துணி எதையும் வேறு மிருகத்தோடு பங்கு போடக் கூடாது.

வேப்பெண்ணெயைத் தேங்காயெண்ணெயில் கலந்து காய்ந்த, தடித்த தோலில் பூசினால் செதில் இளகும், சில மணித்தியாலம் பூச்சியும் அண்டாது. ஈரப்பொருக்கின் மேல் பூசினால் ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். தனி வேப்பெண்ணெய் எரிச்சல் தரும். பேர்மெத்ரின் என்ற பூச்சிமருந்துத் தெளிப்பு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் பூனைக்கு அது நஞ்சு. எங்கள் கொட்டிலில் பூனை படுப்பதால் மிகக் கவனமாகத்தான் பாவிக்கிறோம்.

மாடு வைத்திருக்கிற சொந்தக்காரர்கள் தம்பலகாமத்திலிருந்து உண்ணி மருந்து கொண்டுவந்து தருவார்கள், நல்ல மனதோடுதான். போத்தலில் அமிட்ராஸ் என்று இருந்தால் குதிரையின் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். மாட்டுக்குச் சரி, குதிரைக்குக் குடல் அசைவை நிறுத்தி, சாணம் இறுகி, உயிருக்கே ஆபத்தாகலாம். இந்தக் கட்டுரையில் ஒரு வரிதான் ஞாபகம் இருக்கும் என்றால் இந்த வரி இருக்கட்டும்.

கடல்குளிப்பு எல்லாப் புண்ணையும் ஆற்றும் என்று இங்கே சொல்வார்கள். செல்லிக்குக் கடல் பிடிக்கும், அதனால் விடுகிறோம். ஆனால் உப்பு தோலில் காய்ந்தால் அரிப்புக் கூடுகிறது. நல்ல தண்ணீரில் அலம்பாமல் விட்டால் நன்மையை விடத் தொல்லைதான் அதிகம்.

இவ்வளவு செய்தும் ஒரு மாரியில் பொருக்கு ஆறவே இல்லை. டொக்டர் தோலை விட்டுவிட்டு உடம்பைப் பார்த்தார். வயிற்றடியில் உதிராமல் நீண்டு சுருண்ட மயிர், முதுகில் தசை வற்றியது, வாளி வாளியாகத் தண்ணீர் குடிப்பது, கண்ணுக்கு மேலே உப்பியிருந்த கொழுப்பு எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, குஷிங் நோய் என்றார். மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறு. வயதான குதிரைகளுக்குப் பரவலாக வருவது. நோயெதிர்ப்பு குறைவதால் தோல் தொற்றுக்கள் விடாமல் திரும்பத் திரும்ப வரும். அரிப்புக்கு ஸ்டீரொயிட் ஊசி போடச் சொல்லி நாங்கள் கேட்டபோதெல்லாம் அவர் தயங்கியதற்குக் காரணமும் அப்போதுதான் விளங்கியது. இப்படிப்பட்ட குதிரைக்கு ஸ்டீரொயிட் குளம்பழற்சியை, அதாவது குளம்புக்குள் அழற்சி வந்து நடக்கவே முடியாமல் வலிக்கிற நோயை, கிளப்பிவிடலாம். நடக்கத் தயங்கினாலோ குளம்பு சுட்டாலோ அன்றைக்கே கூப்பிடச் சொன்னார்.

குஷிங் நோய்க்குப் பேர்கொலைட் என்ற மாத்திரை தொடங்கினோம். முதலில் தீன் எடுப்பது குறைந்தது, டொக்டர் அளவைக் குறைத்து மெல்ல மெல்லக் கூட்டினார். சர்க்கரைப்பாணி கலந்த தீவனத்தையும் நிறுத்தினோம். அடுத்த மாரியில் பொருக்கு உள்ளங்கை அளவுக்கு வந்து, கழுவக் கழுவக் காய்ந்துவிட்டது. வாலடியில் தடித்துப்போன இடத்தில் இனி மயிர் முளைக்காதாம். பரவாயில்லை, அங்கே எண்ணெய் பூசிக்கொள்கிறோம். மாத்திரை அவள் உயிரோடு இருக்கும்வரை வேண்டும், அதனால் மாதச் செலவில் முதலில் அதற்கு ஒதுக்கிவிட்டுத்தான் மற்றதை வாங்குகிறோம். கழுவுகிற கரைசல் தீர்ந்துபோனால் இரண்டு நாள் பொறுக்கலாம், மாத்திரை விஷயத்தில் அது சரிவராது.